ஹைட்ரஜன் மீதான விசாரணை

அந்த நிறுவனத்தில் அவளைக் குமிழி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காலையில் வந்து, அமிலம் கலந்த நீரில் பிளாட்டினக் கம்பியை இறக்கி, மின்சாரம் விட்டு, கம்பியின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழுவதைச் சாயங்காலம் வரை அளந்துகொண்டிருப்பது அவள் வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்ட உறவினர்கள் உண்டு. தந்தார்கள், ஆனால் ஒப்பந்தத்தில். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பருவம் வரும்போது அவளுக்குச் சோறு இறங்காது.

அவளிடம் இரண்டு கண்ணாடிக் கலங்கள் இருந்தன. ஒன்றில் சாதாரண நீர், மற்றதில் கனநீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கனநீரில் இருப்பதும் ஹைட்ரஜன்தான். அதே மின்னூட்டம், அதே குடும்பம். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்டதில் எடை மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

நீரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் அங்கிருந்து பிய்த்துக்கொண்டு உலோகத்துக்குத் தாவினால்தான் குமிழி பிறக்கும். நடுவே ஆற்றல் மேடு ஒன்று மறிக்கிறது. அதைத் தடை என்பார்கள். மேட்டில் ஏறத் தெம்பு தருவது வெப்பம். குளிரவைத்தால் தெம்பு குறையும், ஏறுகிறவர்கள் குறைவார்கள், குமிழிகள் ஓயும். குமிழி இரண்டு கலங்களையும் குளிர வைத்தாள். கன ஹைட்ரஜன் ஏட்டில் சொன்னபடி நடந்துகொண்டது, மளமளவென்று படுத்துவிட்டது. லேசான ஹைட்ரஜன் அந்த அளவுக்குப் படுக்கவில்லை. ஏறத் தெம்பில்லாத குளிரிலும் அது பாட்டுக்கு மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் கம்பியை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், தன் மேலேயே சந்தேகப்பட்டாள். கடைசியில் நம்பவேண்டியதாயிற்று. அவ்வளவு லேசான பொருளுக்கு மேட்டின் மேலே ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. மேட்டுக்கு உள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். இயற்பியலில் இது பழைய செய்தி. தன் கலத்தில், தன் கண் முன்னால் நடப்பதுதான் அவளுக்குப் புதிது.

அந்த மாத அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள்: "ஹைட்ரஜன் தடையின் மேலே ஏறாமல் ஊடுருவிச் செல்வது உறுதியாகிறது, எடை கூடிய ஹைட்ரஜனுக்கு இது எளிதில் கைகூடவில்லை."

மாதாந்திர அறிக்கைகளை அங்கே யாரும் படிப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் அதில் உண்மையை எழுதிவந்தார்கள். ஆனால் அந்த மாதம் புதிதாக ஓர் ஒழுங்கு அதிகாரி வந்திருந்தார். முன்பு துறைமுகக் கிடங்கில் காணாமல் போன பெட்டிகளைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர். ஒல்லியான மனிதர். சிவப்புப் பென்சில் ஒன்றைக் காதில் செருகியிருப்பார். அவர் எல்லா அறிக்கைகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

வந்தது குறிப்பாணை. "தங்கள் பொறுப்பிலுள்ள ஹைட்ரஜன் என்பவர் அனுமதியின்றித் தடையை ஊடுருவியது குறித்து உடனடியாக விளக்கம் அளிக்கவும்."

இதைப் புரிந்துகொள்ள இயக்குநரின் தடைப்பற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் சீர்திருத்தம் தடைகள் வைத்தது. வாசலில் சுழலும் இரும்புக் கம்பிகள், நூலகத்துக்கு அட்டை, ஆய்வுக்கூடத்துக்கு வேறு அட்டை, கழிவறைக்குக் கட்டைவிரல் ரேகை. கட்டைவிரலில் அமிலம் பட்டுக் காயமான வேதியியலாளர்கள் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போய்வந்தார்கள். தேநீர் குடிக்க அல்ல.

குமிழி இதை யாரோ செய்த கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒழுங்கு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலி காட்டினார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"தடை எங்க இருக்கு?"

"அது ஆற்றல் தடை சார்."

"ஆற்றல் கட்டடம். சரி. எந்த மாடி?"

அந்த வளாகத்தில் ஆற்றல் கட்டடம் என்று ஒன்று இருந்தது அவள் கெட்ட நேரம். அவளுடைய ஆய்வுக்கூடமே அதன் தரைத்தளத்தில்தான் இருந்தது. இது செங்கல் தடை இல்லை, கண்ணுக்குத் தெரியாது, அணு அளவில் இருப்பது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத தடையை நிறுவியது யார், ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா என்று அவர் குறித்துக்கொண்டார்.

"ஆள் கடந்து போனத நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாக்க முடியாது சார். முதல்ல இந்தப் பக்கம் இருக்கும். அப்புறம் அந்தப் பக்கம் இருக்கும். நடுவுல எங்க இருந்துச்சுன்னு கேக்கறதுல அர்த்தம் இல்ல."

"அப்படிக் கேக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

அது இயற்கையின் விதி என்றாள். அவர் மரியாதையோடு தலையசைத்தார். விதி என்ற சொல் எங்கே வந்தாலும் அவருக்கு மரியாதை உண்டு. அந்த விதியின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாள் காவலர்கள் ஆற்றல் கட்டடத்தைச் சுற்றிவந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில் ஓட்டை அகப்பட்டது. உணவகத்துப் பூனை ஒன்று அந்த வழியாகத் தலையை நீட்டி அவர்களைப் பார்த்தது. சான்று கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஓட்டையைச் சிமெண்டு போட்டு அடைத்து, மேலே "தடை" என்று பெயிண்டில் எழுதியும் விட்டார்கள்.

பூனை வந்துபோனது போக, அந்த ஓட்டை வழியாகத்தான் குமிழியின் குளிர்சாதனக் குழாயும் வந்துகொண்டிருந்தது. கொத்தனார் அதை அறுத்து ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் வந்து பார்த்தபோது இரண்டு கலங்களும் அறை வெப்பத்தில் வெதுவெதுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தன. மிகக் குளிர்ந்த நிலையில் எடுக்கவேண்டிய அளவுகள், மொத்த வேலைக்கும் உயிரான அளவுகள், எல்லாம் பாழ். ஒப்பந்தம் புதுப்பிக்கும் பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் ஈரம் காயாத அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளும் அவள் நாத்தனாரும்தான். கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதியைக் கடலில் கழிப்பவன். நாத்தனார் நீதிமன்றத்தில் தட்டச்சர். பகல் முழுக்க அடுத்தவர் சண்டையைத் தட்டச்சு செய்துவிட்டு வந்து, சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு அண்ணியின் வாயிலிருந்து கதை கேட்பாள். குறிப்பாணையைப் படித்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குழாய் அறுபட்ட கதைக்குச் சிரிக்கவில்லை.

விசாரணைக் குழு கூடியது. தலைமையில் இயக்குநர். பக்கத்தில் பணியாளர் நலத் தலைவி. ஓரத்தில் ஒழுங்கு அதிகாரி, பென்சிலோடு. எதிரே குமிழி. தன் கலம் ஒன்றை மேசைமேல் வைத்து, மின்கலத்தை இணைத்து, குமிழி வருவதைக் காட்டினால் புரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். கலம் மேசைமேல் வந்ததும் மூவரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

இயக்குநர் முதலில் பேசினார். நீண்ட பேச்சு. இந்த நிறுவனத்தில் யாரும் ஏறாமல் மேலே வந்ததில்லை என்றார். தாமும் படிப்படியாக ஏறி வந்தவர்தான் என்றார்.

"சிலர் என் மாமனாரால நான் வந்தேன்னு சொல்றாங்க. அது தப்பு. அவர் என்னைத் தூக்கி விடவே இல்ல. கதவத் திறந்தார், அவ்வளவுதான். உள்ள நடந்து வந்தது நான்தான். இதே நாற்காலி வரைக்கும் என் கால்லயே நடந்து வந்தேன்."

ஒழுங்கு அதிகாரி இதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு, தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று சரிபார்க்க, குழுவின் முன் வாய்விட்டு ஒருமுறை வாசித்தும் காட்டினார். இயக்குநர் சரி என்று தலையசைத்தார்.

பணியாளர் நலத் தலைவிக்குக் கவலை வேறு. அவர் அன்பானவர். யாரையும் நலம் விசாரிக்காமல் விடமாட்டார். வேலையை விட்டு நீக்கும்போதும் விசாரிப்பார். கன ஹைட்ரஜனின் நிலைமை அவர் மனதை உருக்கிவிட்டது. ஒரே குடும்பத்தில் பிறந்து, ஒரே வேலைக்கு வந்து, எடை கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்தங்குவது இந்தக் காலத்தில் நடக்கலாமா என்று கேட்டார். அதற்கு ஊக்கப் பயிற்சி ஏதாவது தரப்பட்டதா என்றார். இல்லை என்றாள் குமிழி. யாராவது உட்கார்ந்து அதனிடம் பேசினார்களா என்றார். அதற்கும் இல்லை என்றாள். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

குமிழி விளக்க முயன்றாள். எடை கூடக்கூட ஊடுருவல் குறைவது யார் குற்றமும் இல்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அளந்தால்தான் யார் ஏறிப் போகிறார்கள், யார் ஊடே போகிறார்கள் என்று பிரித்தறிய முடியும். கன ஹைட்ரஜன் பின்தங்குவதே தனக்குக் கிடைத்த பெரிய உதவி. இப்படி அவள் சொல்லிவந்தபோது, மின்னழுத்தத்தைக் கூட்டினால் தடை தாழும் என்பதையும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.



"தடையத் தாழ்த்துறீங்களா?" என்றார் இயக்குநர். "நீங்களேவா?"

"எல்லா நாட்டுலயும் அப்படித்தான் சார் செய்றாங்க. கைப்பிடியக் கொஞ்சம் திருப்பினா போதும்."

எல்லா நாட்டிலும் இது நடக்கிறது என்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. குழு தேநீர் அருந்தக் கலைந்து, மறுபடி கூடி, தீர்ப்பு சொன்னது. ஹைட்ரஜன் இனித் தடையின் மேலே ஏறியே கடக்க வேண்டும். அடுத்த நிறுவன நாளுக்குள் குமிழி ஊடுருவலை அடியோடு ஒழித்துக் காட்ட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கன ஹைட்ரஜனுக்கு ஆறுதலாக, அதன் கலத்துக்குப் பக்கத்தில் ஊக்க வாசகம் ஒன்று ஒட்டப்படும். அது மட்டும் அன்றைக்கே ஒட்டப்பட்டது: "உன்னால் முடியும்."

குமிழி வீட்டுக்குப் போய் அழுதாள். இயற்கையில் உள்ள ஒன்றை ஒழிக்கச் சொல்கிறார்கள், நான் என்ன செய்ய என்றாள். நாத்தனார் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நீதிமன்றத்தில் இதைவிட மோசமான உத்தரவுகளையெல்லாம் அவள் தட்டச்சு செய்திருக்கிறாள்.

"அண்ணி, முடியாதுன்னு மட்டும் எழுதாதீங்க. ஒழிக்கணும்னா முதல்ல எவ்வளவு இருக்குன்னு அளக்கணுமில்ல? அளக்கறதுக்கு என்னென்ன வேணும்னு கேளுங்க. ஆய்வுக்குன்னு கேக்காதீங்க. பாதுகாப்புக்குன்னு கேளுங்க."

மறுநாள் விண்ணப்பம் போனது. குமிழி பல வருடமாகக் கேட்டு, நிதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாம் அதில் இருந்தன. ஊடுருவல் ஒழிப்புப் பணிக்காக ஒற்றைப் படிகப் பிளாட்டினம். ஊடுருவுவோரை உறைய வைக்க ஆழ்குளிர் இயந்திரம். ஒப்பீட்டுக்காகக் கனநீர். உறைந்து தொலைக்காத அளவுக்கு அடர்த்தியான, மிகச் சுத்தமான அமிலம். பாதுகாப்பு என்ற தலைப்பைப் பார்த்ததும் கையெழுத்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு விழுந்தன. பின்சுவரை உடைத்துக் குழாய்க்கு வழிவிட ஒழுங்கு அதிகாரியே நேரில் வந்து நின்றார். ஊடுருவலை ஒழிக்கும் குழாய் உள்ளே வர ஓட்டை போடுவதில் விதிமீறல் இல்லை என்று அவர் எழுதி வைத்தார். பூனையும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் குமிழிக்கு ஒழிப்பும் நினைவில்லை, ஒப்பந்தமும் நினைவில்லை. அப்படியொரு பிளாட்டினத்தை அவள் தொட்டதில்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆழ்குளிர் இயந்திரம் முனகிக்கொண்டே இறங்கியது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவள் இரண்டு கலங்களையும் அளந்தாள். கன ஹைட்ரஜன் "உன்னால் முடியும்" என்ற வாசகத்தின் கீழே நிம்மதியாகத் தேய்ந்துகொண்டே போனது. லேசான ஹைட்ரஜனின் கோடு முதலில் தானும் இறங்கியது, பிறகு இறங்கத் தயங்கியது, அப்புறம் சாய்வை விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்து ஓடியது. அதற்குமேல் எவ்வளவு குளிரவைத்தாலும் அது கவலைப்படுவதாக இல்லை. ஏறுகிறவர்கள் எல்லோரும் நின்றுபோன பிறகு, ஊடே போகிறவர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். கோடு வளைந்த இடத்தை அவள் விரலால் திரையில் தடவிப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் காரணமில்லாமல் சிரித்துவைக்க, அவர் தம் நிறுத்தம் வருமுன்பே இறங்கிப் போகும்படி ஆயிற்று.

நிறுவன நாள் நெருங்கியது. இயக்குநர் அதை ஒழிப்பு விழாவாகவே அறிவித்துவிட்டார். மண்டபத்தில் கட்டுவதற்குத் துணிப் பதாகை தயாரானது: "ஊடுருவல் இல்லாத நிறுவனம்". சான்றளிக்க வெளியூரிலிருந்து ஒரு மின்வேதியியல் நிபுணரையும் அழைத்திருந்தார்கள். இன்னும் வராதது குமிழியின் அறிக்கை ஒன்றுதான்.

ஒழுங்கு அதிகாரி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இயக்குநர் அனுப்பியிருந்தார். 

"ஒழிஞ்சிருச்சா?"

"இல்ல சார். இப்பதான் நல்லா தெரியுது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, ராத்திரியெல்லாம் யோசித்தவர்போல, மெல்லச் சொன்னார். "பொய் எழுதச் சொல்ல மாட்டேன். நடுவுல போறத யாராலயும் பாக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. 'இந்தப் பருவத்தில் ஊடுருவல் எதுவும் கண்ணால் காணப்படவில்லை'ன்னு எழுதுங்க. அது உண்மைதான? உங்களுக்கு நிரந்தரப் பணி. இயக்குநர் சொல்லச் சொன்னார்."

அவள் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் கேட்டுவிட்டு, சட்டப்படி பிசகில்லாத வாக்கியம், எழுதியவர் எங்கள் நீதிமன்றத்துக்கு வரவேண்டியவர் என்றாள். எழுதிக் கொடுங்கள் அண்ணி, ஹைட்ரஜனா வந்து கேட்கப்போகிறது என்றாள். குமிழி எழுத உட்கார்ந்தாள். நிரந்தரப் பணி என்றால் வருடாவருடம் ஒப்பந்தத்துக்குக் காத்திருக்க வேண்டாத வாழ்க்கை. அரைப் பக்கம் வரை வந்தவள் பேனாவை மூடிவிட்டாள்.

"என்னைப் பத்தின்னா என்ன வேணா எழுதிருவேன்டி. இந்தக் கோட்டப் பத்தி எழுத வரமாட்டேங்குது. எவ்வளவு அழகா வளைஞ்சிருக்கு தெரியுமா."

 நாத்தனார் அந்த அரைப் பக்கத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

விழா நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நிபுணரைத்தான் காணோம். இயக்குநர் அவருக்காகக் காத்திருக்காமல் குமிழியை மேடைக்கு அழைத்து, ஊடுருவல் ஒழிக்கப்பட்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவள் மேடையேறினாள். கோட்டைத் திரையில் போட்டாள். 

"ஊடுருவல ஒழிக்க முடியலை. வெதுவெதுப்பா இருக்கிறப்ப மேல ஏறி வர்றவங்களும் இருக்காங்க, ஊடே வர்றவங்களும் இருக்காங்க. ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நல்லாக் குளிர வச்சாத்தான் தெரியுது. இந்த இடத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் போய்ச் சேந்தவங்கள்ல ஏறிப் போனவங்க அநேகமா யாருமே இல்ல. எல்லாருமே ஊடே போனவங்கதான். கனமா இருக்கிறவங்க இந்தப் பக்கமே நின்னுட்டாங்க."

அவள் ஹைட்ரஜனைத்தான் சொன்னாள். அது அவளுக்குத் தெரியும். ஆனால் முன்வரிசையில் துறைத் தலைவர்கள் இருந்தார்கள், பின்வரிசையில் பல வருடமாகப் பதவி உயர்வு கிடைக்காதவர்கள் இருந்தார்கள். முதலில் பின்வரிசையில் ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்தவருக்கும் இருமல் வந்தது. இருமல் வரிசை வரிசையாகப் பரவி, நடுவில் எங்கோ சிரிப்பாக மாறி, முன்வரிசையின் முதுகில் வந்து மோதியது. பணியாளர் நலத் தலைவி எல்லோருக்கும் உடம்பு சரியில்லையோ என்று திரும்பிப் பார்த்தார். இயக்குநரின் காது சிவந்தது.

அப்போதுதான் உணவகத்துப் பக்கத்துக் கதவு வழியாக வெளியூர் நிபுணர் உள்ளே வந்தார். குட்டையான, நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. புடவையில் பால் சிந்தியிருந்தது. காலையிலிருந்து வாசலில் நின்றதாகவும், தன் பெயருக்கு அட்டை இல்லாததால் சுழல்கம்பி விடவில்லை என்றும், கடைசியில் பால் கொண்டுவருகிறவர்களோடு சமையலறை வழியாகப் புகுந்து வந்துவிட்டதாகவும் ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் சொன்னார். பிறகு திரையைப் பார்த்தார். பேச்சு நின்றுபோயிற்று. மேடைக்கு அருகில் வந்து, கழுத்தை நீட்டி, கோடு வளையும் இடத்தைப் பார்த்தார்.

"இது யார் எடுத்தது?"

"நான்தான்."

"கனநீர்லயும் இதே கம்பியா?"

"அதே கம்பி. அதே நாள்."

இருபது வருஷமா இந்த வளைவ நான் தேடிட்டிருக்கேன் என்றார் நிபுணர். மேடையில் இருந்த சான்றிதழைப் பற்றி யாரோ நினைவூட்டியபோது, எதற்குச் சான்று என்று கேட்டார். அவருக்குப் பதாகையைக் காட்டினார்கள். அவர் அதைப் படித்துவிட்டு, இதைவிட நல்ல ஊடுருவல் உலகத்தில் எங்கும் இல்லை, இதையா இல்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றார்.

இயக்குநர் லேசானவர். ஒரு நொடியில் அந்தப் பக்கம் போய்விட்டார். ஒலிபெருக்கியைப் பிடித்து, ஊடுருவலே இந்த நிறுவனத்தின் உயிர்மூச்சு என்று தாம் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருவதாகச் சொன்னார். தடைகள் வைத்ததே ஊடுருவலை ஊக்குவிக்கத்தான் என்றார். தடை இல்லாமல் ஊடுருவ முடியுமா என்று கூட்டத்தைக் கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு காவலர்கள் ஏணி போட்டு ஏறி, பதாகையில் "இல்லாத" என்ற சொல்லின் மேல் மேசைவிரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மண்டபம் கைதட்டியது.

குமிழியின் பணி நிரந்தரமானது. அடுத்த வாரமே அவள் ஆய்வுக்கூடத்தில் ஊடுருவல் ஊக்குவிப்பு மையம் திறக்கப்பட்டது. விருந்தினர்கள் பார்ப்பதற்காக இரண்டு கலங்களையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். பேழைக்குள் குழாய் போக வழியில்லாததால் குழாயை அறுத்தார்கள். கலங்களில் சாதாரணக் குழாய்நீரையே ஊற்றி, மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் கருவி ஒன்றை அடியில் வைத்தார்கள். நன்றாகவே குமிழி வந்தது. இரண்டிலும் ஒரே வேகம். கன ஹைட்ரஜன் பயிற்சியால் முன்னேறிவிட்டது என்று பணியாளர் நலத் தலைவி விருந்தினர்களுக்கு விளக்கினார். குமிழியின் வேலை பேழைக்குப் பக்கத்தில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது.

அவள் கொஞ்சகாலம் நின்று பார்த்தாள். பிறகு, தன் கூடத்துக்கு வந்துவிடும்படி அழைத்திருந்த நிபுணருக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். நாத்தனாரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் நீதிமன்றத்தை விட்டு வர முடியாது. கப்பல்காரன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் இறங்கினவன்தான், அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று நாத்தனார் சிரித்தாள். அப்புறம் எழுந்து போய், தேவையில்லாத நேரத்தில் பாத்திரங்களைத் தேய்த்தாள்.

அரசு நிறுவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தடையில்லாச் சான்று வேண்டும். குமிழி ஒழுங்கு அதிகாரியிடம் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். விண்ணப்பத்தைப் படித்தார். பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"தடையில்லைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? வாசல்ல தடை இருக்கு. நூலகத்துல இருக்கு. கழிவறையில இருக்கு. நான் தினமும் எண்ணிப் பாக்கறேன். இல்லைன்னு எழுதினா பொய்ச் சான்று ஆயிரும்மா."

 அவளுக்கு இதில் கோபம் வரவில்லை. எழுத வராத ஒரு வாக்கியம் அவருக்கும் இருக்கிறது என்று பட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். சான்றுக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு காலைநேரம் துணிமணிகளோடும், தன் கையால் செய்த பழைய கலம் ஒன்றோடும் ரயிலேறிவிட்டாள். அவள் போனதை மையத்தில் யாரும் கவனிக்கவில்லை. பேழைக்குப் பக்கத்தில் நிற்க ஓர் அட்டைப்பலகையில் அவள் படத்தை வெட்டி வைத்திருந்தார்கள். கேள்விகளுக்கு அது முன்னைவிடச் சுருக்கமாகப் பதில் சொன்னது.

புதிய கூடத்தில் மாடி ஜன்னல் பக்கம் அவளுக்கு மேசை. குளிர் இயந்திரம் அவளுடையதைவிடப் பழையது, சத்தம் அதிகம், ஆனால் இறங்கியது. அளவுகள் எடுக்கத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, தடித்த உறை ஒன்று அவள் பெயருக்கு வந்தது. உள்ளே முத்திரை குத்திய ஒற்றைத் தாள். ஒழுங்கு அதிகாரி விடாமல் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இவருக்கு இந்நிறுவனத்தில் அனைத்துத் தடைகளும் உள்ளன எனவும், எனினும் இவர் மறுபக்கம் சென்றுவிட்டார் எனவும், இடையில் எங்கும் காணப்படவில்லை எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

குமிழி அதை இரண்டு முறை படித்தாள். பதில் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. கலம் குளிர்ந்து வரும்வரை யோசித்துவிட்டு ஒரே வரி எழுதினாள்: "சான்று கிடைத்தது. பிழை ஏதும் இல்லை."